முருகைக்கல்லும் பூவரசும்: வளாகச் சிற்பத் தோட்டங்களின் ஒரு சிறு வரலாறு

நம்ம ஊர் கல்லூரி வளாகங்களில் இரண்டு பொருட்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, நிறுவனரின் மார்பளவுச் சிலை. இன்னொன்று, ஏதோ ஒரு ஜூன் 5ஆம் தேதி விருந்தினர் கையால் நடப்பட்ட மரக்கன்று. சிலைக்கு வருடத்துக்கு ஒருமுறை மாலை விழும். கன்றுக்கு நட்ட அன்று ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும், அப்புறம் அதன் பாடு.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதற்குப் பெயர் சிற்பத் தோட்டம். மரங்களுக்கு நடுவே சிற்பங்கள், நடைபாதை, ஓரத்தில் சூழலைக் காப்போம் என்று ஒரு பலகை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். படம் எடுத்துப் போடவும் தோதான இடம். ஆனால் கலை, மரம், சூழல் அக்கறை ஆகிய மூன்றும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்வதைத் தாண்டி அவற்றுக்குள் ஏதாவது உறவு உண்டா? ஒரு சிலையை மரத்தடியில் வைத்துவிட்டால் அது சூழல் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுமா?

இதற்குப் பதில் தேட ஒரு எளிய வழி இருக்கிறது. சிற்பம் எதைப் பற்றியது என்று கேட்பதை விட்டுவிட்டு, அது எதனால் ஆனது என்று கேட்பது. எந்தக் கல், எந்த மண், எங்கிருந்து எடுத்தது, எடுத்த இடத்தில் இப்போது என்ன மிச்சம்? இந்தக் கேள்வியோடு இந்தியாவின் சில தோட்டங்களைச் சுற்றிவிட்டு, கடைசியில் முத்துக்குளித்துறைக்கு, தூத்துக்குடிக் கரைக்கு வருவோம். அங்கேதான் இந்தக் கேள்வி நிஜமாகவே கடிக்கும்.

*

முதலில் சாந்திநிகேதன். இந்தியாவில் வளாகம், மரம், சிற்பம் மூன்றும் உண்மையாகவே கலந்த முதல் பெரிய இடம் அதுதான். 1863இல் தேவேந்திரநாத் தாகூர் அங்கே நிலம் பிடித்தபோது அது பீர்பூம் மாவட்டத்தின் வறண்ட செம்மண் மேடு. மழை அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த சரளை நிலம். அந்த மேட்டில் நின்ற ஏழிலைப்பாலை மரத்தடியில் அவர் தியானம் செய்தார் என்பது சாந்திநிகேதனின் தொடக்கக் கதை. அவருடைய மகன் ரவீந்திரநாத் 1901இல் அங்கே பள்ளி தொடங்கினார். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1928இல் மரம் நடுவதையே ஒரு விழாவாக்கினார். பாட்டு, ஆட்டம், பல்லக்கில் ஊர்வலமாக வரும் கன்று என்று அமர்க்களப்படும் அந்த விழா. நாடு முழுக்க வனமகோத்சவம் என்ற பெயரில் மரம் நடும் இயக்கம் 1950இல்தான் வந்தது. அதற்கு 22 வருடம் முன்பே இங்கே கன்றுக்கு மரியாதை கிடைத்துவிட்டது.

இந்த வளாகத்துக்கு 1925இல் ஒரு இளைஞன் படிக்க வந்தான். பாங்குராவைச் சேர்ந்த ராம்கிங்கர் பெய்ஜ். நாவிதர் குடும்பம், கையில் காசில்லை. நந்தலால் போஸிடம் கலாபவனத்தில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். சிற்பம் செய்ய வெண்கலம் வேண்டும், பளிங்கு வேண்டும் என்ற காலத்தில் அவர் காலடியில் கிடந்த செஞ்சரளையைப் பார்த்தார். இரும்புக் கம்பியில் ஒரு எலும்புக்கூடு, அதன் மேல் சிமென்டும் சரளையும் கலந்து அள்ளி அள்ளி எறிய வேண்டியது. வழவழப்பு கிடையாது. நிலம் எப்படிச் சொரசொரவென்று இருந்ததோ, சிலையும் அப்படியே இருந்தது.

1935இல் அவர் செய்த 'சுஜாதா' மரங்களுக்கு நடுவே மரம் போலவே நெடுநெடுவென்று நிற்கும் பெண். தலையில் பால் கலயம். அந்தக் கலயத்தை வைக்கச் சொன்னது நந்தலால் போஸ். அதனால்தான் பெயரில்லாத ஒரு பெண், புத்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதா ஆனாள். அந்த உருவத்துக்கு மாதிரியாக இருந்தவர் அங்கே படிக்க வந்த சென்னைப் பெண், பின்னாளில் கலை விமர்சகராகப் பெயர்பெற்ற ஜெயா அப்பாசாமி என்று சொல்லப்படுகிறது. சிலையைப் பார்த்த தாகூர், இந்த வளாகம் முழுவதையும் இப்படி நிரப்பிவிடு என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

1938இல் 'சந்தால் குடும்பம்'. ஒரு ஆண், ஒரு பெண், குழந்தைகள், கூடவே ஒரு நாய். ஆணின் தோளில் காவடி, ஒரு பக்கக் கூடையில் குழந்தை. வேலை தேடி இடம்பெயரும் பழங்குடிக் குடும்பம். ராஜாவும் இல்லை, தெய்வமும் இல்லை, நன்கொடையாளரும் இல்லை. இந்தியாவின் முதல் நவீனப் பொதுவெளிச் சிற்பம் என்று பலர் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1956இல் 'ஆலைச் சங்கு' வந்தது. சங்கொலி கேட்டு ஓடும் சந்தால் பெண்கள், காற்றில் பறக்கும் ஈரத்துணி.

ராம்கிங்கர் சூழல் என்ற சொல்லைப் பலகையில் எழுதவில்லை. ஆனால் சிற்பத்தின் உடம்பு அந்த ஊர் மண். சிற்பத்தில் இருக்கிற ஆட்கள் அந்த ஊர் மண்ணில் உழைத்தவர்கள். அவர்கள் நிற்கிற இடம் அந்த ஊர் மரத்தடி. மூன்றுக்கும் நடுவே இட்டு நிரப்ப ஒரு வாசகம் தேவைப்படவே இல்லை. பின்னாளில் மழையும் வெயிலும் சிமென்டை அரிக்க, 'சந்தால் குடும்ப'த்துக்கு மேலே கூரை போட வேண்டி வந்தது. திறந்த வானத்துக்காகச் செய்த சிற்பம் இப்போது கூரைக்குக் கீழே நிற்கிறது. அதுவும் அந்த நிலத்தின் நியாயம்தான்.

*

அந்த வங்கக் காற்று சென்னைக்கும் வந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப்பள்ளிதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர்கள், நமக்குத் தெரிந்த உழைப்பாளர் சிலை, அவர் கை வேலை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காகக் கலையை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1966இல் அவரும் மாணவர்களுமாகச் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் எழுந்த ஊர். அரசுப் பணமும் இல்லை, பெரிய முதலாளியும் இல்லை. மணல்வெளியாக இருந்த இடம் இன்று நிழல் கவிந்த தோட்டம். மரங்களுக்கு நடுவே கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள் நிற்கின்றன.

சென்னைக் கல்லூரியில் எஸ். தனபாலிடமும் பணிக்கரிடமும் படித்த கானாயி குஞ்ஞிராமன், 1969இல் பாலக்காடு மலம்புழா அணைத் தோட்டத்தில் 'யக்ஷி'யைச் செய்தார். மலையைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் 30 அடிப் பெண். நிர்வாணமா என்று ஊரே கொதித்தது. அவளும் சிமென்ட்தான்.

வடக்கே சண்டிகரில் வேறொரு கதை. நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு தோட்டம் கட்ட ஆரம்பித்தார். புது நகரம் கட்டுவதற்காகக் கிராமங்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாடுகள்தான் அவருக்குக் கச்சாப் பொருள். உடைந்த பீங்கான், வளையல் துண்டு, குழாய், ஓடு. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டியதால் இடித்திருக்க வேண்டும். மக்கள் விரும்பியதால் 1976இல் திறந்துவைத்தார்கள். லெ கொர்பூசியேயின் நேர்கோட்டு நகரத்துக்குப் பக்கத்திலேயே, அந்த நகரம் எதை அழித்து எழுந்தது என்ற கணக்கு சிற்பமாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குப் பல ஊர்களில் பிளாஸ்டிக் பாட்டிலால் மீனும் இரும்புக் கழிவால் யானையும் செய்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் நேக் சந்த் ஒரு வகையில் தாத்தா. ஒரே வித்தியாசம், அவர் கழிவு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆக, நல்ல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது. பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள கடன் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

*

இப்போது தூத்துக்குடி. இங்கே ஒரு கல்லூரி வளாகத்தில் சிற்பத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று வையுங்கள். படிப்புக்குக் குறைவில்லாத ஊர் இது. 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி இருக்கிறது. 1977இல் வந்த மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மண் உவர்மண். நகரத்தின் ஓரமெல்லாம் உப்பளம். என்ன கல்லை எடுப்பீர்கள்?

இந்த ஊருக்கென்று ஒரு கல் இருந்தது. முருகைக்கல். பவளப்பாறை. அதை யாரும் சிற்பம் செய்யப் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் அதுவே சிற்பம். அதுவும் உயிருள்ள சிற்பி செய்தது. மொட்டு மாதிரி இருக்கும் சின்னஞ்சிறு உயிர், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். அது செத்தபின் அதன் மேல் அடுத்தது கட்டும். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, மான்கொம்பு மாதிரி, விரித்த தட்டு மாதிரி எத்தனையோ வடிவங்கள். உருண்டைப் பவளம் ஒரு வருடத்தில் வளர்வது ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆள் உயரப் பாறை என்றால் அது நம் கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முன்பு தொடங்கிய வேலை.

அந்தக் கல்லை வெட்டி வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். பழைய வீடுகளின் சுவரில் கல்லாக வைத்தோம். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். பிற்பாடு தொழிற்சாலைகள் வந்தபோது சிமென்டுக்கும் கால்சியம் கார்பைடுக்கும் கச்சாப் பொருளாகக் கொடுத்தோம். 1970களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் எடுக்கப்பட்டதாக அன்றைய கடல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெட்டியவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அதன் பிறகு மூச்சை அடக்கத் தெரிந்த மனிதர்களுக்குச் சங்கு இருந்தது, கடல்பாசி இருந்தது, கல் இருந்தது. கூலி கொடுக்க ஆள் இருந்தார்கள். வாங்க ஆலை இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலில் வரிசையாக 21 தீவுகள். பவளப்பாறை அவற்றின் முன்னால் நின்று அலையை உடைக்கும், தீவு கரைக்கு முன்னால் நின்று அலையை உடைக்கும். இரட்டைச் சுவர். முதல் சுவரை எடுத்தால் இரண்டாவது என்ன ஆகும்? விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. வரைபடத்தில் பெயர் இருக்கிறது, தண்ணீருக்கு மேல் இடம் இல்லை. கடல் மட்டம் உயர்வது போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் கல்லெடுப்புதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1986இல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். 2001இல் கல்பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது சட்டத்தின் கண்ணில் பவளமும் புலியும் ஒன்று. கல்லெடுப்பு ஓய்ந்தது சுனாமிக்குப் பிறகுதான்.

இப்போது ராம்கிங்கரின் சிமென்டுக்குத் திரும்புங்கள். சிமென்டின் தாய் சுண்ணாம்புக்கல். நம் அரியலூரில் வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல் டைனோசர் காலத்துக் கடலின் அடியில் ஓடும் எலும்புமாகப் படிந்தது. அங்கே கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு வகையில் சிமென்டில் செய்த எந்தச் சிலையும் கடலிடம் வாங்கிய கடன்தான். அரியலூரில் அந்தக் கடன் பல கோடி ஆண்டு பழையது. தூத்துக்குடியில் உயிரோடு இருந்தவனிடமே பிடுங்கிக்கொண்டது.

*

அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி ஒன்று இதே கரையில் நடந்திருக்கிறது. என் கணக்கில், தூத்துக்குடியின் முதல் சிற்பத் தோட்டம் அதுதான்.

துறைமுக நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது வான் தீவு. அரை நூற்றாண்டுக்குள் தன் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் இழந்துவிட்டது. அடுத்து மூழ்கப் போவது அதுதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 2015 கடைசியில், தூத்துக்குடியில் இயங்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் அரசும் சேர்ந்து தீவின் முன்னால் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்க ஆரம்பித்தார்கள். உள்ளே கூடு, பக்கங்களில் ஓட்டை. சில ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்டவை தீவைச் சுற்றி வளைவாக இறங்கின. அலையின் வேகம் குறைந்தது, மணல் தங்க ஆரம்பித்தது. ஓட்டைகளில் மீன் குடிபுகுந்தது. சொரசொரப்பான பக்கங்களில் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன.

இது பொறியியல்தானே, சிற்பம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரீபியக் கடலின் கிரெனடாவில் 2006இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி கடலடியில் மனித உருவங்களை வைத்தார். கைகோத்து வட்டமாக நிற்கும் சிறார்கள் அதில் புகழ்பெற்றது. பிறகு மெக்சிகோவின் கான்குன் கடலடியில் நூற்றுக்கணக்கான சிற்பங்களோடு ஒரு அருங்காட்சியகமே உருவானது. நோக்கம் இரண்டு. சிற்பத்தின் மேல் பவளம் வளர வேண்டும், சுற்றுலாப் பயணிகளின் கால் இயற்கைப் பாறை மேல் படாமல் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச வருடத்தில் அந்த முகங்களில் பாசியும் கடற்பஞ்சும் பவளமும் ஏறி, இது யார் முகம் என்றே தெரியாமல் போகும். அதுதான் அந்தச் சிற்பம் முழுமை அடைகிற இடம். கையெழுத்து அழிய அழியத்தான் வேலை நடக்கிறது.

வான் தீவின் கட்டமைப்புகளில் கையெழுத்தே கிடையாது. பார்வையாளரும் கிடையாது, தேசியப் பூங்காவுக்குள் நாம் நினைத்தபடி போக முடியாது. ஆனால் ராம்கிங்கரிடம் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது. எதனால் ஆனது? சிமென்ட், ஒரு காலத்தில் எதற்காகப் பாறையை உடைத்தோமோ அந்தச் சிமென்ட். யாருக்காக? அந்தப் பாறையை முதலில் கட்டியவர்களுக்காக.

இதை வெற்றிக்கதையாகச் சொல்லி முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கடல் சூடாகிக்கொண்டே போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறிச் செத்தன. வெந்நீரில் எந்தக் கான்கிரீட் கூடும் பவளத்தைக் காப்பாற்றாது. கல் வெட்டுவதை நிறுத்தியது போல இதைத் தூத்துக்குடி மட்டும் தனியாக நிறுத்திவிடவும் முடியாது.

*

மரத்துக்கு வருகிறேன். கல்லுக்குக் கேட்ட கேள்வியை மரத்துக்கும் கேட்க வேண்டும், என்ன மரம் என்று. தென்மாவட்டங்களில் பசுமை என்ற பெயரில் கொண்டுவந்த சீமைக்கருவேலம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். விறகும் கரியும் கொடுத்தது, கூடவே கண்மாயையும் தரிசையும் வளைத்துக்கொண்டது. மரம் நட்டாலே நல்லது என்ற எண்ணத்துக்கு இந்த மாவட்டங்களே எதிர்வாதம். உவர்மண்ணிலும் தேரி மணலிலும் தானாக நிற்பது பனை, 1978இல் இருந்து மாநில மரம். குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரம் உண்டு. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் அலையாத்தி உண்டு. கடற்கரைக்கென்றே படைத்தது போலப் பூவரசு உண்டு. மஞ்சளாகப் பூத்து, வாடும்போது சிவக்கும் பூ. இலையைச் சுருட்டி ஊதாத பிள்ளைகள் இந்தப் பக்கம் குறைவு.

இந்த ஊரில் சூழல் விழிப்புணர்வு என்று எழுதும்போது கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2018 மே மாதம் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்திருக்கிறார்கள். சூழல் என்றால் என்ன என்று தூத்துக்குடிக்காரருக்குப் பலகை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை மறக்காமல் வைத்திருக்க ஒரு இடம் வேண்டுமானால் கொடுக்கலாம். கல்லூரி வளாகம் அதற்கு நல்ல இடம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுகிற, ஆனால் மரமும் கல்லும் அப்படியே நிற்கிற இடம்.

அப்படி ஒரு தோட்டம் வருமானால் அதில் என்ன இருக்கலாம்? கடலுக்குள் இறக்கிய அந்தக் கட்டமைப்புகளில் ஒன்றைப் போலச் செய்து வைக்கலாம், கடலுக்குள் போக முடியாதவர்கள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். இடிக்கப்படும் பழைய வீட்டிலிருந்து முருகைக்கல் கிடைத்தால், உரிய அனுமதி வாங்கி, அதை ஒன்றும் செதுக்காமல் அப்படியே வைக்கலாம். சிற்பி ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டார். ஒவ்வொரு சிற்பத்தின் கீழும் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, நன்கொடையாளர் என்று எழுதுவார்கள் இல்லையா, அதில் இன்னொரு வரி சேர்க்கலாம்: இந்தக் கல் எந்த ஊர் மலையிலிருந்து, இந்த இரும்பு எந்தக் கப்பலின் உடம்பிலிருந்து, இந்த மணல் எந்த ஆற்றிலிருந்து. எழுத முடியாத கல்லை வாங்காமல் விடலாம்.

நடுவில் ஒரு பூவரசு நடலாம். அதற்கு விருந்தினர் தேவையில்லை, போத்து ஒடித்து ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் இவ்வளவு எழுதினால் போதும்: இந்த மரத்தின் பெயரில் கீழக்கரைக்கு எதிரே கடலில் ஒரு தீவு இருந்தது.